ஆடப்படாத பதினெட்டாவது ஆட்டம்

தரை நன்றாக இருந்தால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் கல்லூரி அரங்கின் தரையை இருபத்தொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். என்னைப் பற்றியும் யாரும் பேசியதில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது.

நடந்தது என் கவனக்குறைவு என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பெரிய மனது. ஆனால் அது சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மினசோட்டாவில் எங்களைப் போன்ற சிறு கல்லூரிக்கு ஐஸ் ஹாக்கிக்கும் கூடைப்பந்துக்கும் ஒரே அரங்குதான். கீழே பனிக்கட்டி, அதன்மேல் தடுப்பு அட்டை, அதன்மேல் மரப்பலகை. வெளியிலிருந்து ஈரக்காற்று புகுந்தால் பலகை வியர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். அதற்காகவே காற்றை உலர்த்தும் இயந்திரம் ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது.

எங்கள் பிரிவில் கூடைப்பந்து ஆடும் பெண்கள் அணிகள் பத்து. முதல் எட்டுக்குத்தான் இறுதித் தொடரில் இடம். கடைசி நாள் காலையில் நாங்கள் எட்டாவது: ஏழு வெற்றி, பத்துத் தோல்வி. ஒன்பதாவது இடத்தில் கார்வர் ஃபால்ஸ், எங்களைவிட ஒரு வெற்றி குறைவு. அன்று மாலை எங்களோடு மோத வந்தது முதலிடத்து எல்லிங்ஸ்டன். எங்கள் பெண்கள் குட்டிக்கரணம் போட்டாலும் அவர்களை ஜெயிக்க முடியாது. நாங்கள் தோற்று கார்வர் ஜெயித்தால் இரண்டு பேரும் சமம். எங்களை இரண்டு முறையும் தோற்கடித்தவர்கள் என்பதால் அவர்கள் உள்ளே, நாங்கள் வெளியே.

ஆட்டமே நடக்காவிட்டால் கதை வேறு. இரண்டு நாளில் தொடர் தொடங்குவதால் தள்ளிவைக்க நாள் இல்லை. ஆடாத ஆட்டத்தைச் சேர்க்க மாட்டார்கள், வெற்றி விகிதத்தைத்தான் பார்ப்பார்கள். பதினேழுக்கு ஏழு என்பது பதினெட்டுக்கு ஏழைவிட ஒரு மயிரிழை அதிகம். எங்களுக்கு அந்த மயிரிழை போதும்.

பயிற்சியாளர் ட்ரூடி பன்னிரண்டு வருடமாக இறுதித் தொடரின் வாசலைத் தட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி இறந்த குளிர்காலத்தில் அவளுடைய அணிப் பெண்கள்தான் முறைவைத்து எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். "இந்தத் தடவ உள்ள போயிட்டா பஸ்ல முன் சீட்டு உனக்குத்தான் வெர்லின். வரலேன்னு சொன்னே, தூக்கிட்டுப் போயிருவோம்" என்றாள். அந்தப் பெண்களுக்காகத்தான் செய்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று பனி உருகி, தூறலும் சேர்ந்துகொண்டது. நண்பகலில் இயந்திரத்தை நிறுத்தினேன். சரக்கு வாசல் இரண்டையும் திறந்து வைத்தேன். நடுவர் வருவார், காலைத் தேய்த்துப் பார்ப்பார், ஆட்டம் இல்லை என்பார், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள் என்பது என் திட்டம். ஆனால் நடுவர்கள் தரைக்கு வர ஆறரை ஆகும். பெண்கள் ஆறு மணிக்கே பந்தோடு ஓட ஆரம்பித்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பச்சைப் பொய்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. ஐந்து முப்பத்தைந்துக்கு ட்ரூடி நடைவழியில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"யோவ் வெர்லின், கார்வர் தோத்துட்டாங்கய்யா. இன்னிக்கு நாங்க செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டாலும் உள்ளதான். நீ போய்ப் பொட்டியக் கட்டு."

ஆக, அந்த ஆட்டத்தை நிறுத்த வேண்டிய அவசியமே போய்விட்டது. வாசல்களைச் சாத்தினேன், இயந்திரத்தை ஓடவிட்டேன். ஆனால் தரை காய இரண்டு மணி நேரமாவது ஆகும். தரை ஈரம், யாரும் இறங்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இயந்திரம் ஏன் நின்றது என்று கேட்பார்கள். இருபத்தைந்து நிமிடம் என் அறையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலில் இறங்கியவள் எல்லிங்ஸ்டன் அணியின் ஜோரி. பத்தொன்பது வயது. கூடைக்கு ஓடி, எம்பிப் பந்தைப் போட்டுவிட்டுத் தரையில் ஊன்றியபோது கால் வாரிவிட்டது. பின்மண்டை பலகையில் மோதியது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. இப்போது நடக்கிறாள், பேச்சுதான் திக்குகிறது. அன்று ஆட்டம் ரத்தானது. நாங்கள் எட்டாவதாக உள்ளே போனோம். முன் சீட்டில் நான் உட்கார்ந்து போனேன், வழியில் நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. ஓடுவதற்கு முன் ஜோரி ஷூவைத் தரையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அறையிலிருந்து வந்து ஓரத்தில் நின்ற என்னிடம் வந்தாள்.

"சார், தரை ஒரு மாதிரி வழுக்குதே. ஓடலாமா?"

"ஓடும்மா. ரெண்டு சுத்து ஓடினா சரியாப் போயிரும்" என்றேன்.

பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அன்று மாலை நடந்த எதுவும் அவளுக்கு நினைவில்லை, இனி நினைவு வரவும் வராது என்று மருத்துவர் சொன்னதாகப் போன வாரம் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.