பத்தாவது வார்த்தை

இட்லி ஆறினால் கல்லாகிவிடும் என்பார்கள். நல்ல ஹாட்பாக்ஸில் வைத்தால் அப்படி ஆகாது. அன்று காலை ஏழரைக்கு நான் எடுத்து வைத்த நான்கு இட்லியும், மத்தியானம் நீங்கள் வந்து திறந்து பார்த்தபோது வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. சாப்பாட்டு விஷயத்தில் என்மீது யாரும் குறை சொல்ல முடியாது, இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் விஜயராணி. ஊர் மடுகரை. வில்லியனூரில் சம்மந்தம் சார் வீட்டில் எட்டு மாதமாகப் பகலில் அவரைக் கவனித்துக்கொண்டேன். ரிடையர்டு இங்கிலீஷ் வாத்தியார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, சர்க்கரை வேறு. ஒரே மகன் ஹரிஹரன் பிரான்சில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, காலையில் இன்சுலின் போடுவது, போட்ட அரை மணி நேரத்துக்குள் சாப்பாடு கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. அந்த அரை மணியைப் பற்றி டாக்டர் மூன்று முறை சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை.

எழுத்து விளையாட்டை ஆரம்பித்தது நான் இல்லை. மூளைக்கு வேலை கொடுத்தால் பேச்சு திரும்பும் என்று டாக்டர் சொன்னதால், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்த எழுத்துகளை மகன்தான் அனுப்பிவைத்தார். நான் ஏழு எழுத்தை ஒட்டுவேன். சார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையால் நகர்த்தி நகர்த்தி, அந்த எழுத்துகளில் என்னென்ன இங்கிலீஷ் வார்த்தை வரும் என்று காட்டுவார். ஒன்று சரியாக வந்துவிட்டால் குழந்தை மாதிரிச் சிரிப்பார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

எனக்கு அது புதிதில்லை. ஏழாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷ் எடுத்தவர் அவர்தான். மதிய உணவுக்கு முந்தின பீரியட். கரும்பலகையில் ஏழு எழுத்து எழுதிப்போடுவார். பத்து வார்த்தை கண்டுபிடித்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போகலாம். மற்றவர்கள் வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டும். அம்மா விடியுமுன்னே நடவுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு எரியாது. எனக்கு ஆறு வரும், ஏழு வரும். பத்து வந்ததே இல்லை. சாம்பார் வாசனை அந்தச் சுவர் வரைக்கும் வரும். எட்டாவதுக்கு நான் போகவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே நான் யாரென்று சாரிடம் சொன்னேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. போன மாதம் ஒரு நாள் மகனோடு வீடியோவில் இருந்தவர், என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதற்குள் பேச்சு பெரும்பாலும் திரும்பியிருந்தது. தினமும் எழுத்து ஒட்டியது வீண்போகவில்லை.

"ஏ, நீ முத்துசாமி பொண்ணுதான? தட்டு ராணி" என்றார்.

"இன்னாப்பா அது?" என்றார் மகன்.

"வருஷம் பூரா தட்டப் புடிச்சிக்கினு நின்னுதுடா இது. பத்து வார்த்த வராது. மண்டு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். அழுகை வந்தது, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். கோபமெல்லாம் இல்லை.

மறுநாளிலிருந்து அவருடைய சட்டத்தையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். பத்து வார்த்தை, பிறகுதான் இட்லி. மகனிடம் கேட்டுத்தான் செய்தேன். "அப்பா ரூல் அப்பாவுக்கேவா? சூப்பர்" என்றார். சாருக்கும் பிடித்திருந்தது. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். இருபது நாள் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு இன்சுலின் போட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவுதான். எட்டரைக்குள் ஒன்பது வார்த்தை வந்துவிட்டது. அதோடு நின்றது.

"பசிக்குதும்மா. போதும்" என்றார்.

"இன்னும் ஒண்ணுதான் சார்" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

ஒன்பதரைக்கு அவர் கை நடுங்கியது. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை ஐம்பத்திரண்டு. நோட்டில் எழுதினேன். பத்து மணிக்கு மகன் கூப்பிட்டார். அங்கே விடிகிற நேரம்.

"அப்பாவுக்கு இன்னா இப்படி வேர்க்குது? கரண்ட் இல்லியா?"

"இருக்கு சார். யோசிக்கிறாரு. இன்னும் ஒரு வார்த்த வரணும்."

"விடாதீங்க" என்று சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அந்தப் பையன்மேல் தப்பில்லை. இன்சுலின் போட்டாகிவிட்டது என்று அவருக்குத் தெரியாது.

பத்தே முக்காலுக்கு முப்பத்தொன்று. எழுத்துகள் கை தட்டிக் கீழே விழுந்தன. நான் பொறுக்கித் திரும்ப ஒட்டினேன். சர்க்கரை டப்பா அலமாரியில்தான் இருந்தது. ஒரு ஸ்பூன் போதும் என்பதும் தெரியும். சார் ஏதோ குழறினார். சாப்பாடு கேட்கிறார் என்று நினைத்து அவர் கையில் தட்டைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். பதினொன்றேகாலுக்கு அது கீழே விழுந்தது. பன்னிரண்டரைக்கு, எங்கள் பள்ளியில் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரத்தில், ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்து பார்த்தபோது உயிர் இல்லை.

பத்தாவது வந்திருந்தால் அந்த நிமிஷமே ஊட்டியிருப்பேன். வேண்டுமென்று நான் எதையும் மறுக்கவில்லை. எல்லாம் அவர் கையில்தான் இருந்தது.

என் போனை வாங்கி வைத்திருக்கிறீர்கள். எப்படியும் பார்ப்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். எழுத்துகளைக் கொடுத்தால் அதில் வரும் வார்த்தைகளையெல்லாம் காட்டுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மடுகரை வருவதற்குள் நான் தேடியது கிடைத்துவிட்டது. அந்த ஏழு எழுத்தில் ஒன்பது வார்த்தைதான் உண்டு.

ஆனால் ஐயா, அவர் முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். போனுக்குத் தெரியாத ஒரு வார்த்தை அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் காத்துக்கொண்டிருந்தேன்.