வாஷிங்டன் கோயர், பாகலூர் கோயர்

— மைக்கக் குடு ரெனிட்டா. "இன்னைக்கி நாடகம் இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க"ன்னு நானே சொல்லிர்றன்.

— குடுக்கவே மாட்டேன் அருளண்ணா! திரைய விலக்கிப் பாருங்க, மண்டபமே நெறஞ்சு கெடக்குது! ஓசூர்ல, பாகலூர் கோயில்ல பாடற நம்ம கோயருக்கு இத்தன கூட்டமா! தேன்கனிக்கோட்டையில இருந்துகூட பஸ் புடிச்சு வந்திருக்காங்க.

— கூட்டம் கெடக்கட்டும். கதாநாயகி எங்கம்மா? சூசைமேரி எங்க?

— கம்பெனியில அவங்க லைனுக்கு திடீர்னு ஓவர்டைம், ஓ.டி. போட்டுட்டாங்களாம். அதே கம்பெனியில ஷிப்ட் முடிஞ்சு வந்த ஹரிணி சொன்னா. செல்போன உள்ள விடமாட்டாங்க, இல்லன்னா கூப்பிட்டிருப்பேன். வந்துருவாங்கண்ணா!

— எப்படி வருவா? ஓ.டி. போட்டுட்டு "பரவால்ல, நீ கெளம்பு"ன்னு எந்த கம்பெனி சொல்லியிருக்குது? இருபது வருசமா கம்பெனியில எலக்ட்ரீசியனா இருக்கறன், எனக்குத் தெரியாதா? நீ பாடு. எல்லாப் பாட்டும் உனக்கு மனப்பாடம்தான?

— மனப்பாடம் சரி. அக்கா எடுக்கற உச்சத்துக்கு என் தொண்ட ஏறுமா? கிழிஞ்சிரும்!

— அப்ப ரத்துதான். டவுன் கோயர்க்காரங்க ஏற்கெனவே, "சாவு வீட்டுல பாடறவங்களுக்கு ஆபெரா கேக்குதா"ன்னு சிரிச்சாங்க. மேடையேறி முழிச்சமுன்னா காலத்துக்கும் சிரிப்பாங்க.

— சிரிக்கட்டுமே! நாம இன்னைக்கிப் பாடப்போற இந்தக் கதைய நான் யூடியூப்ல காட்டினப்ப நீங்க என்ன பண்ணீங்க?

— என்னா பண்ணன்?

— "ஏம்மா, இது நம்ம கதம்மா!"ன்னு எகிறிக் குதிச்சீங்க!

— அது வீட்டுக்குள்ள குதிச்சது.

— வெளியவும் குதிங்க! அப்ப அமெரிக்காவுல அடிமைத்தனம் ஒழிஞ்சு பத்து வருசம்கூட ஆகல. வாஷிங்டன்ல கறுப்பு ஜனங்களோட கத்தோலிக்க கோயில். அங்க பூசையில பாடின கோயர், நம்மள மாதிரியே கோயர், கோயிலுக்கு நிதி சேக்கக் கெளம்பி ஆபெரா கம்பெனியே ஆரம்பிச்சுட்டாங்க. கதையவே பாட்டாப் பாடறதுன்னா சும்மாவா? அந்தத் தலைநகரத்துக்கே அதுதான் மொத ஆபெரா கம்பெனியாம்ணா! வெள்ளக்காரங்களும் வந்து உக்காந்து கேட்டாங்க. பேப்பர்ல புகழ்ந்து எழுதினாங்க. பிலடெல்பியா வரைக்கும் போயி பாடினாங்க! அவங்களப் பாத்து யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்களா?

— சிரிச்சிருப்பாங்கதான். ஆனா அவங்க கதாநாயகி ஓ.டி.யில மாட்டலயேம்மா.

— இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்ணா. நான் வேணா போயி ஒரு மாதா பாட்டு பாடி சமாளிக்கறேன்.

— இரு இரு. வெளிய என்னா அது சத்தம்?

— பஸ்ஸு... கம்பெனி பஸ்ஸுண்ணா! ஐயோ, சூசைமேரியக்கா ஓடி வர்றாங்க! யூனிபார்மோடயே வர்றாங்க!

— அருளண்ணா... திட்டாதீங்க... தண்ணி, தண்ணி குடுங்க மொதல்ல...

— திட்டல சூசைமேரி, உக்காரு. எப்படிம்மா விட்டாங்க?

— எங்க விட்டாங்க? "நாடகம்தான, அப்படி என்ன தலபோற அவசரம்"னு சூப்பர்வைசரம்மா கேட்டுட்டாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! வாஷிங்டன் கதைய மொதல்ல இருந்து சொன்னேன். அந்தம்மா அசையல. சரின்னு கடைசிப் பாட்ட எடுத்துப் பாடிட்டேன்.

— லைன்லயாக்கா!

— லைன்லதான் ரெனிட்டா. மெஷின் சத்தத்துக்கு மேல, அந்த உச்சத்தோட! ஒருத்தி மெஷின்ல இருந்து கைய எடுத்தா. பக்கத்துல இருந்தவளும் எடுத்தா. கன்னடத்துக்காரி, ஒடிசா பொண்ணு, எல்லாம் அப்படியே நின்னு கேக்கறாங்க.

— ஐயையோ! உன்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்களே, ஏம்மா இப்படிப் பண்ண?

— என்னய மட்டும் எப்படிண்ணா தூக்குவாங்க? வெளிய வந்து பாருங்க. மொத்த லைனும் ஓ.டி. வேணாம்னு எழுந்து அந்த பஸ்ஸுலதான் வந்திருக்குது. பஸ்ஸக் கூப்பிட்டதே சூப்பர்வைசரம்மாதான்.