இரண்டாம் பக்கத்தின் குறை

இசைத்தட்டை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், சார். உங்கள் கான்ஸ்டபிள் நடுவில் கட்டைவிரலை வைத்து எடுத்துப் போனார். பரவாயில்லை.

அது எழுபதுகளில் நான்கு வெள்ளைக்காரர்கள் போட்ட ஆல்பம். புரோக்ரஸிவ் ராக் என்பார்கள். கிளேபாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. டிரம்ஸ் ஏழு ஏழாக விழும். எங்கள் எஸ்டேட் கோயில் உறுமிக்காரர் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார். வாரமெல்லாம் ஃபாக்டரி மெஷின் சத்தம் கேட்ட என் காதுக்கு அது ஒன்றுதான் மருந்து.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. பாட்டு வரிகளுக்கு அர்த்தம் தேடினால் தலைவலிதான் மிச்சம். பெரிய குறை இரண்டாம் பக்கத்தில். நடுவில் எல்லா வாத்தியமும் அடங்கி, ஒற்றைப் புல்லாங்குழல் மட்டும் கேட்டும் கேட்காமலும் ஒலிக்கும். அந்த இடத்தில் வெளிச்சத்தமெல்லாம் உள்ளே வந்துவிடும். தஞ்சோங் கிளிங் சாலையில் போகும் லாரி, பக்கத்து வீட்டுக் குக்கர், மோகனாவின் இருமல்.

மோகனா என் மனைவி. சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உள்ளவள், வாயில் அடித்துக்கொள்ளும் மருந்துப் பம்ப் எப்போதும் பக்கத்தில் வேண்டும். நல்லவள், குறை சொல்ல மாட்டேன். ஆல்பம் எப்படி என்று எப்போது கேட்டாலும் "போலே தாஹான் லா" என்பாள். நம் ஊரில் எல்லோர் வாயிலும் வருவதுதான். மலாய் மொழியில் தாங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தம். நாம் சுமார் என்பதற்குச் சொல்கிறோம். அந்த ஆல்பத்தைச் சுமார் என்று வருடக்கணக்கில் சொன்னாள். நான் கோபப்பட்டதில்லை. மறந்ததுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் போட்டேன். புல்லாங்குழல் வரும் நேரத்தில் அவள் கதவைத் தட்டினாள்.

"என்னங்க, என் பம்பு உள்ளுக்கு இருக்கா? ரொம்ப இழுக்குது லா."

"தாஹான் பண்ண முடியுமா?"

"போலே தாஹான்... சீக்கிரம் தொறங்க."

தாங்கலாம் என்று அவளே சொன்னாள், சார். அந்தச் சொல்லை அன்றுதான் அதன் சரியான அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். தட்டல் நிற்கவில்லை. தாளத்தோடு சேரவும் இல்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கி, தட்டை உறையில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். கதவோடு சேர்ந்து அவளும் மூச்சில்லாமல் உள்ளே சாய்ந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

பம்ப் எங்கே இருந்தது என்று மறுபடியும் கேட்கிறீர்கள். என் சட்டைப் பையில். காலையில் அவள் சாப்பாட்டு மேசையில் வைத்ததை நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் வாயிலிருந்து வேறு ஒரு சொல் வருமா என்று பார்க்க நினைத்தேன், அவ்வளவுதான்.

ஆல்பத்தில் அந்த ஓர் இடம்தான் குறை, சார். புல்லாங்குழலைக் கொஞ்சம் உரக்க வாசித்திருந்தால் அவள் தட்டியதே எனக்குக் கேட்டிருக்காது.