நாய்க்குட்டி விரிப்பை மோந்து பார்க்க ஒரு ஆள்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கடுப்போடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். இளையவள் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, நாய்க்குட்டி ஒண்ணுக்குப் போற விரிப்பு இது. நாத்தம் போச்சான்னு மோந்து பாரேன்."

"ஏண்டி, உனக்கு மூக்கு இல்ல?"

"பத்து வருஷமா தோல் நாத்தத்துல என் மூக்கு செத்தே போச்சுக்கா. வாசனை லிக்விட் ஊத்தி ஊத்தித் துவைச்சேன். இன்னும் ஜாஸ்தியா நாறுதுன்னு ஹவுஸ் ஓனர் கத்தறாரு. இன்னிக்கும் நாறுச்சுன்னா குட்டிய யாருக்காவது குடுத்துடணுமாம். அதான் நேத்து வினிகர் தண்ணியில ஊற வெச்சு, அலசி, வெயில்ல போட்டேன்."

அக்கா மூச்சை இழுத்து மோந்தாள். "எனக்கும் ஒண்ணும் தெரியலடி. நானும் அதே ஷாப்புதானே!"

அந்த நேரம் பார்த்து கண்டக்டர் வந்தார். இளையவள் துணியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அண்ணே, இது நாறுதா?"

அவரும் மோந்தார். "இல்லியே. இன்னாம்மா துணி இது?"

சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து பஸ்ஸே சிரித்தது.

அவள் அதற்குள் போனில் புருஷனைப் பிடித்துவிட்டாள். "ஏங்க, குட்டிய யாருக்கும் குடுக்காதீங்க. மூக்கு இருக்கற ஆளே சொல்லிட்டாரு!"