ஏழாம் எண் வீட்டுக் கண்ணாடி

கண்ணாடி வெட்டுவதில் எனக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. கோடு ஒரே இழுப்பில் விழ வேண்டும். தயங்கினால் ஓரம் பல் பல்லாக வரும். எங்கள் வீட்டு அலமாரிக்குக்கூட என் மனைவி கடைக்காரரை நம்பமாட்டாள், நானே வெட்டித் தர வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இடிபாட்டிலிருந்து எடுத்து உங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அந்தத் துண்டு நான் வெட்டியதுதான். அதிலுள்ள தேதியும் என் கையெழுத்துதான் ஐயா.

மெட்ரோ ரயிலுக்கான சுரங்க இயந்திரம் பூமிக்கடியில் தோண்டிக்கொண்டு போகும்போது, மேலே இருக்கும் வீடுகள் அசைகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. பெரிய சாலையில் அதற்கெல்லாம் கருவிகள் பதித்திருந்தார்கள். சந்துகளில் இருந்த பழைய வீடுகளுக்கு நான்தான். சுவரில் விரிசல் இருந்தால், அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டி, தேதி எழுதிவிடுவேன். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் நான் போன் செய்ய வேண்டும். கீழே இயந்திரம் நிற்கும், வீட்டைக் காலி செய்து சோதித்த பிறகுதான் மறுபடி ஓடும். பெரிய படிப்பு எதுவும் படிக்காத நான் ஒரு போனில் அதை நிறுத்தலாம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஏழாம் எண் வீட்டில் ஆறு குடும்பங்கள். இரண்டாம் மாடியில் என் தங்கை, அவள் கணவர், குழந்தை. நான் பார்த்துக் கொடுத்த வீடுதான். கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரம்மா. அவர் கணவர் படுத்த படுக்கை. விரிசல் அவர் வாசலை ஒட்டி, படிக்கட்டுச் சுவரில் இருந்தது. தினமும் காலையில் நான் குனிந்து பார்க்கும்போது, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே கேட்பார்.

"என்ன தம்பி, நம்ம கண்ணாடி சவுக்கியமா?"

"உங்களவிட சவுக்கியமா இருக்கும்மா."

ஊசி கீழே விழாமல் சிரிப்பார். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் கண்ணாடி முதலில் உடைந்தபோது உடனே போன் செய்தேன். இரண்டு நாள் எல்லாம் நின்றது. ஆறு குடும்பமும் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தார்கள். பிறகு பார்த்தால், முதல் மாடிக்காரர் படச்சட்டம் மாட்ட அந்தச் சுவரில் ஆணி அடித்திருக்கிறார். அடுத்த முறை நான் சிமெண்டைக் கெட்டியாகக் குழைத்துவிட்டேன். அது காயும்போது இழுத்துக் கண்ணாடியை உடைத்துவிட்டது. மூன்று நாள் வேலை போனது. தையல்காரம்மாவின் கணவரை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதிலிருந்து என் பெயர் சிவப்புக்கொடி. கேன்டீனுக்குள் நுழைந்தால், "ஒதுங்குங்கப்பா, சிவப்புக்கொடி வருது, டீ நின்னுடப் போவுது" என்பார்கள். என் மகன் வயதுள்ள பொறியாளர் எல்லார் முன்னாலும், "இனிமே யாராவது தும்முனாகூட போன் பண்ணுவீங்களா சார்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாவது முறை ஒரு திங்கட்கிழமை. கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. ஆணி எதுவும் புதிதாக இல்லை. சிமெண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. போனைக் கையில் எடுத்தேன். எடுத்ததுமே கேன்டீன் சிரிப்பு காதில் கேட்டது. யாரோ பீரோவை இடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடைந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு ஒன்றை ஒட்டினேன். அதில் பழைய தேதியை எழுதி, பளபளப்பு தெரியாமல் இருக்கப் படிக்கட்டுத் தூசியைத் தடவினேன்.

"மாத்துறீங்களா தம்பி?" என்றார் தையல்காரம்மா.

"அழுக்காயிடுச்சும்மா, தொடச்சு வைக்கிறேன்."

புதன்கிழமை அதுவும் உடைந்தது. வெள்ளிக்கிழமை இன்னொன்று. அந்தக் கடைசித் துண்டையும் ஒரே இழுப்பில்தான் வெட்டினேன், ஓரத்தில் ஒரு பல்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

சனிக்கிழமை மதியம் தங்கை வீட்டுக்குப் போனேன். அண்ணிக்குக் காய்ச்சல், துணைக்கு மூன்று பேரும் வந்து கொஞ்ச நாள் இருங்கள் என்றேன். கூடவே வண்டியும் இரண்டு ஆட்களும் கொண்டு போயிருந்தேன்.

"அண்ணிக்கு காய்ச்சல்னா பீரோவ எதுக்குண்ணா தூக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டாள். கெட்டிக்காரி, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

கடைசி மூட்டை இறங்கும்போது தையல்காரம்மா வாசலுக்கு வந்தார்.

"தம்பி, நாங்களும் கெளம்பணுமா? இவர தூக்க ஆள் வேணும். முன்னாடியே சொன்னீங்கன்னா பாத்து வச்சுடுவேன்."

"எதுக்கும்மா? கண்ணாடியப் பாருங்க. முழுசாத்தானே இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். விரலால் ஒரு முறை தொட்டும் பார்த்தார். "ஆமா, இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வீடு இடிந்து விழுந்தது. பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஐந்து பேர் போகவில்லை. முதல் சத்தத்திலேயே தையல்காரம்மா சந்துக்கு ஓடி வந்தாராம், பிறகு கணவருக்காகத் திரும்பி உள்ளே போனாராம். எதிர்வீட்டுக்காரர் சொன்னார். நானும் மற்றவர்களோடு நின்று செங்கல் எடுத்தேன், நகம் பிய்கிற வரைக்கும் எடுத்தேன். நான் அழுததை நடிப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

தங்கை இரண்டு நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். மூன்றாம் நாள், என் மனைவி அடுப்படியில் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணிக்கு காய்ச்சலே வரலியேண்ணா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மறைத்தது நான், பொய்த் தேதி எழுதியது நான், போன் செய்யாதது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வீடு விழும் என்று தெரியுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தெரியாது ஐயா. தெரிந்திருந்தால் அத்தனை பேரை உள்ளே விட்டுவிட்டு வருவேனா, நான் அப்படிப்பட்டவன் இல்லை. அதுவும் வீண் பயம்தான் என்று நம்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி ஆட்கள் சொன்னதும் நிஜம்தான், அதை மறுக்கவில்லை. பீரோவை இறக்கும்போது, ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் படியில் நிற்காதீர்கள், சுவரில் கை ஊன்றாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். மெதுவாகத்தான் சொன்னேன், தையல்காரம்மா காதில் விழுந்துவிடக் கூடாதே என்று.