வரி முடிவில் இட்ட பூக்கள்

வேகவைத்த வெங்காயம் எனக்குப் பிடிக்காது. மற்றபடி ஒடோரிக்கோவோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது, ஐயா.

போ என்கிற ஆற்றின் கரையில், எங்கள் கிறிஸ்தவத் துறவி மடத்தில் அவன் புத்தகம் எழுதுகிறவன். நான் அதற்குப் படம் போடுகிறவன். பல வருடமாக எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தோம். வெங்காயத்தைத் தின்றுவிட்டு அந்தக் கையோடு கன்றுத்தோல் ஏட்டைப் புரட்டுவான். பிசுபிசுவென்று விரல் தடம் பதியும். அதன்மேல்தான் நான் தங்க ரேக்கு ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ரொட்டித் துண்டால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். சொன்னால் சிரிப்பான்.

"ஏன்டா கௌடென்சியோ, இது என்ன செடி? முள்ளங்கிக்குக் கொம்பு மொளைச்ச மாதிரி இருக்கே. தின்னா பேதி நிக்குமா, புடுங்குமா?" என்பான். தோட்டத்தில் எல்லோருக்கும் அதை நடித்தும் காட்டுவான்.

நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்த மூலிகைப் புத்தகத்தில் பாதிச் செடிகள் நானாக வரைந்தவைதான். வரி பாதியில் முடிந்தால் மிச்ச இடத்தைப் பூ, சுருள், நட்சத்திரம் என்று என் மனம்போல எதையாவது போட்டு நிரப்புவேன், அது எங்கள் தொழில் வழக்கம். வெற்றிடம் விட்டால் பின்னால் எவனாவது எழுதிச் சேர்த்துவிடுவான். அவற்றுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

சூனியம், மதத்துரோகம் என்று விசாரிக்கத் திருச்சபை அனுப்பிய சாமிக்கு இது பிடிபடவில்லை. உலகத்தில் இல்லாத செடிகளைப் பார்த்தார், வரி முடிவுகளைப் பார்த்தார், சூனியக்காரர்களின் ரகசிய எழுத்து என்றார்.

"அட சாமி, சும்மா எடத்த ரொப்புறதுதான். வேணும்னா இவனையே கேளுங்க," என்றான் ஒடோரிக்கோ, அப்போதும் சிரித்துக்கொண்டு.

என்னைக் கேட்டார்கள். எந்த இடத்தில் எந்தப் பூ என்று அவன் சொல்வான், நான் வரைவேன் என்றேன்.

கட்டைவிரலில் ஆரம்பித்தார்கள். இல்லாத ரகசியத்தை அவன் எங்கே போய்ச் சொல்வான்? வலி தாங்காமல் இந்தப் பூ இந்த எழுத்து என்று உளறுவான். ஒரு பக்கத்துக்கு ஒத்துவரும், அடுத்த பக்கத்தில் காலை வாரிவிடும். உடனே அடுத்த விரல். பக்கம் புரட்ட என்னைத்தான் நிறுத்தியிருந்தார்கள். அந்த அறையின் மூத்திர வாடையை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் அவன் கெட்டிக்காரன். சிறையில் கிடந்தபடியே தன் ஏடுகளை மனதுக்குள் புரட்டிப் புரட்டி, எல்லாப் பூக்களும் எழுத்துக்கூடி மாதா மன்றாட்டு ஜெபமாக வரும்படி ஓர் ஒழுங்கைக் கட்டிவிட்டான். பக்கம் பக்கமாக ஒத்துவந்தது. சாமிக்கே கண் கலங்கியது.

"நாளைக்குக் கடைசி ஏடும் இப்படியே வந்துச்சுன்னா, நீ ஒன் எடத்துக்குப் போயிரலாம்ப்பா," என்றார்.

அவனுடைய இடம் என் மேசைக்கு எதிரே இருக்கிறது, ஐயா.

அன்று இரவு புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. கடைசி ஏட்டின் பூக்களைக் கத்தியால் சுரண்டினேன், நுரைக்கல்லால் தேய்த்தேன், வேறு பூக்கள் போட்டேன். அவசரப்படாமல், மனம் ஒன்றிச் செய்தேன்.

மறுநாள் ஏட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தான். சொன்னால் நம்ப ஆளில்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். சாமியை விட்டு என் பக்கம் திரும்பினான்.

"கௌடென்சியோ, இந்தப் பூவெல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்குடா."

அன்று சாயங்காலம் அவனை எரித்தார்கள். என் வேலையை அவன் வாய்விட்டுப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். போகிற நேரத்திலாவது மனதாரச் சொன்னானே என்று எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.