ஆறிப்போன கொதிப்பு

— இந்தக் காலத்துல கேட்டா பதில் சொல்ற பழக்கமே அத்துப் போச்சி, நர்சம்மா. பஸ்ஸுல பக்கத்துல குந்தியிருந்தவன, விழுப்புரம் வந்துடுச்சான்னு கேக்கறேன். காதுலயே வாங்காம ஜன்னலப் பாத்துக்கினு வர்றான். வூட்ல ஒருத்தி, அவளும் அப்படித்தான்.

— யாரு, கெங்கம்மாவா? காய்ச்சல் விட்டு பதினஞ்சு நாளாச்சே, எப்படி இருக்காங்க? கூட்டிக்கினு வருவீங்கன்னு பாத்தா தனியா வந்து நிக்கறீங்களே, சக்கரபாணி ஐயா.

— அவ எதுக்கு? இந்தா, உங்க டாக்டரு அவளுக்குக் குடுத்த மாத்திரை. ரெண்டுதான் தின்னா. மிச்சத்த வேற யாருக்காவது குடு.

— சேசுவே! ஏன் நிறுத்தினீங்க? இது காய்ச்சலுக்கு இல்ல, ரத்தக் கொதிப்புக்குன்னு அன்னிக்கே சொன்னேனே.

— அதத்தான் நானும் சொல்றேன். காய்ச்சல் போச்சி, கொதிப்பும் போச்சி. தெனம் நெத்தியத் தொட்டுப் பாக்கறேன், ஜில்லுனு இருக்குது. அடுப்ப அணைச்சப்புறம் கூழு கொதிக்குமா?

— நெத்தியில தெரியாதுங்க. கையில பட்டையச் சுத்தி காத்தடிச்சிப் பாத்தோமே, அதுலதான் தெரியும். நூத்தித் தொண்ணூறு இருந்துச்சி. முன்ன அவங்களுக்கு இல்லவே இல்ல. இந்த விஷக்காய்ச்சல் வந்து போனா வயசானவங்க சில பேருக்கு இப்படி ஏறிக்குது. சில பேருக்கு எறங்கிப் போயி, எழுந்து நின்னா மயக்கம் வருது. திண்டிவனத்துலயும் நாலு பேரு அப்படி வந்தாங்களாம்.

— ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு சொன்னாத்தானே உங்களுக்கு ஆளு வரும்? எங்கப்பன் எந்தப் பட்டையும் கட்டிக்கல. நோவு நொடின்னு ஒரு நாள் படுக்கல.

— எப்படி செத்தாரு?

— ஏரு ஓட்டிக்கினு இருந்தவரு பொத்துனு வுழுந்தாரு. அவ்ளோதான்.

— ஆண்டவரே... சரி, கெங்கம்மாவுக்கு சாப்பாடு இன்னா குடுக்கறீங்க?

— கொதிப்புக்குக் குளிர்ச்சிதான். கேப்பைக் கூழு, மோரு. மோருல கை நெறைய உப்பு.

— உப்பா! கொறைக்கணும்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேனே!

— உப்பு இல்லாம எவ குடிப்பா? மாடே குடிக்காது.

— தலைவலின்னு ஏதாச்சும் சொன்னாங்களா?

— நேத்து சாயந்திரம் பூரா பின்மண்டை இடிக்குதுன்னு ஒரே பேஜாரு. மாத்திரையக் குடு, மாத்திரையக் குடுன்னா. புடுங்கி மடியில கட்டிக்கினேன். அந்த ரோஷத்துல காலையில இருந்து ஒரு வார்த்தை பேசல.

— பேசவே இல்லியா?

— பேசாட்டி போவட்டும். அம்பது வருசமா குடும்பம் நடத்தறவ, டீ குடுத்தா இடது கைய நீட்டறா! கட்டின புருசனுக்கு இடது கை! சோத்துக் கை மடியில ராணியாட்டம் கெடக்குது.

— ஐயா, அது ரோஷம் இல்ல! கை வுழுந்துடுச்சி அவங்களுக்கு!

— எங்க வுழுந்துச்சி? மடியிலதான் இருக்குதுன்னு சொல்றேனே.

— வாதம், ஐயா, வாதம்! டாக்டரு வேற இன்னிக்கு திண்டிவனம் போயிட்டாரு. ஜல்தியா வண்டி வச்சி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கணும். இருங்க, நானும் கூட வர்றேன்.

— தா, ஆரம்பிச்சிட்டியா! நீ அவளப் பாத்தது ஒரு தரம். நான் தெனம் பாக்கறவன்.

— போவாதீங்க! ஐயா, நில்லுங்க! சொல்றதக் கேளுங்க!

— கைய வுடு, நர்சம்மா, எங்க ஊரு காணை பஸ்ஸு போயிடும். நீயும் அவ கட்சிதான், தெரிஞ்சிப் போச்சி. கெளம்பறப்ப, போய்ட்டு வரேன்டின்னு நல்லபடியாத்தான் சொன்னேன். அதுக்கு வாய ஒரு பக்கமாக் கோணிக்கினு எனக்கு அழகு காட்டறா, இந்த வயசுல!